பேக்கப் இருக்கிறது, மீட்டுப் பார்த்ததுண்டா?

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் டேட்டாபேஸ் அழிந்துபோனபோது, அதை மீட்க ஐந்து விதமான ஏற்பாடுகள் அவர்களிடம் இருந்தன. ஐந்தில் ஒன்றுகூட அந்த இரவில் நம்பிக் கைவைக்கும் நிலையில் இல்லை.

ஸ்பாம் கணக்குகளால் பிரதான டேட்டாபேஸ் சர்வருக்குச் சுமை ஏறியது. அதைப் பின்தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டிருந்த இரண்டாவது சர்வர் பின்தங்கி, கடைசியில் நகலெடுப்பதையே நிறுத்திவிட்டது. இரண்டாவதில் உள்ளதைத் துடைத்துவிட்டு முழு நகலை மறுபடி எடுக்க வேண்டிய நிலை. நேரங்கடந்தும் விடாமல் வேலை பார்த்த பொறியாளர் நகலெடுக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது பேசாமல் நின்றது. பிரதான சர்வர் டேட்டாவை அனுப்பத் தொடங்கட்டும் என்று அது காத்திருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு வரிகூடத் திரையில் வரவில்லை. பழைய கோப்புகள் மிச்சமிருப்பதால்தான் மக்கர் செய்கிறது என்று எண்ணி டேட்டா டைரக்டரியை அழித்தார். அழித்தது பிரதான சர்வரில். ஓரிரு நொடிகளில் கவனித்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

இனி பேக்கப். தினமும் எடுத்து அமேசான் எஸ்3-இல் சேர்க்கும் டம்ப்பைத் தேடினார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6-இல் ஓட, டம்ப் எடுக்கும் கருவி 9.2-ஆக இருந்ததால், ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருந்தது. அந்தப் பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால் வாங்கும் சர்வர் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அசூர் வட்டு ஸ்னாப்ஷாட் கோப்பு சர்வர்களுக்கு மட்டும் இயக்கப்பட்டிருந்தது. டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை. கடைசியில் காப்பாற்றியது தற்செயல். விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, சோதனைச் சூழலைப் புதுப்பிப்பதற்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் கிடைத்தது. அது மெதுவான வட்டுகளில் இருந்ததால் திரும்பக் கொண்டுவரச் சுமார் 18 மணி நேரம் பிடித்தது. ஏறத்தாழ 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள் போயின. கிட்லேப் இதை மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது; நடந்ததை வரிவரியாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாக இன்று நாம் பேச முடிகிறது.

பெரும்பாலான அலுவலகங்களில் இன்ஃப்ரா ஒரு டீம், டிபிஏ ஒரு டீம், டெவலப்மென்ட் ஒரு டீம். மூன்று மேனேஜர்கள், மூன்று வகை டிக்கெட்டுகள். வழிகாட்டி நூல்களும் அப்படியே மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு சிஸ்டம் விழும்போது இந்த எல்லைகளைப் பார்த்து விழுவதில்லை. கிட்லேபில் கருவியின் பதிப்பு, மின்னஞ்சல் அமைப்பு, நகலெடுப்பு, மனிதக் களைப்பு என எல்லாம் ஒரே இரவில் கூடின. ஆகவே மூன்று துறைக்கும் பொதுவாக ஒரே கேள்வியை வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்: இப்போது செய்யப்போகும் மாற்றம் கெட்டுப்போனால், எவ்வளவு நேரத்தில், எந்த நிலைக்குத் திரும்புவோம்? இதற்கு விடை வைத்திருக்கும் டீம் தைரியமாக வேலை செய்கிறது. விடை இல்லாத டீம், ஒன்று பயந்துபோய் எதையும் தொடாமல் இருக்கும். அல்லது கண்ணை மூடிக்கொண்டு தொடும்.

தொடாமல் இருப்பது பாதுகாப்பு போலத் தோன்றும். கூகுளில் சேவைகளின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் எஸ்ஆர்இ குழுவினர் 2016-இல் வெளியிட்ட நூல், சேவைத் தடங்கல்களில் சுமார் 70 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் செய்யப்படும் மாற்றங்களால் வருபவை என்கிறது. அப்படியானால் மாற்றத்தையே குறைத்துவிடலாமே என்று நிர்வாகம் முடிவெடுப்பது இயல்பு. ஆனால் தொடாமல் விட்டதன் விலையை அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் கொடுத்தது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. ஒரு சர்வரில் அது போடப்படாமல் நின்றது. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள், ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. நெட்வொர்க்கில் போவதையும் வருவதையும் உடைத்துப் பார்க்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால் திருட்டும் கண்ணில் படவில்லை. மாற்றத்தை நிறுத்தி வைக்க வழியில்லை. செய்த மாற்றத்திலிருந்து மீளும் வழியைத்தான் நாம் கட்டியாக வேண்டும்.

அந்த வழியின் அடித்தளம் பேக்கப். இரண்டு எண்களிலிருந்து அது தொடங்குகிறது: எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கலாம், எவ்வளவு நேரம் சேவை நின்றால் தாங்கலாம். இந்த எண்களை ஐடி டீம் தானாக முடிவு செய்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அது தவறு. ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டர் எத்தனை மணி நேரம் கையால் ரசீது எழுதித் தாக்குப்பிடிக்கும் என்பது அந்தக் கவுன்ட்டரை நடத்துபவருக்குத்தான் தெரியும். அவர் 15 நிமிடம் என்றால் தினம் ஒருமுறை டம்ப் எடுக்கும் ஏற்பாடு போதாது. அதற்கு மேல் ஆகும் செலவையும் அவர் முன் வைத்துப் பேச வேண்டும்.

ரெப்ளிகா இருக்கிறதே, அதுவே பேக்கப்தானே என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. ரெப்ளிகா ஹார்டுவேர் பழுதுக்குக் காப்பு. தவறான ஒரு டெலீட் பிரதான சர்வரில் ஓடினால், அடுத்த கணமே அது ரெப்ளிகாவிலும் ஓடிவிடும். அந்தத் தவறுக்கு வேண்டியது, ஒரு முழு நகலோடு அதற்குப் பிந்தைய ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் லாக்கையும் சேர்த்து வைப்பது. போஸ்ட்கிரெஸில் அது வால் (WAL), மைஎஸ்க்யூஎல்லில் பின்லாக் (binlog). பிற்பகல் 2:17-க்கு ஒருவர் வேர் (WHERE) நிபந்தனையை விட்டுவிட்டு டெலீட் கொடுத்தார் என்றால், 2:16 வரையிலான நிலையைத் தனியாக ஒரு சர்வரில் எழுப்பி, அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்துவரலாம். புரொடக்‌ஷனையே பின்னோக்கி ஓட்டினால், 2:17-க்குப் பின் வந்த நல்ல டேட்டாவும் சேர்ந்து போகும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே டீமில் பேசி வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு அது தோன்றாது.

எங்கே வைப்பது என்பதற்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இன்றும் போதுமானது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பதை மெய்யாகவே வேறு இடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் பொதுக் கோப்புச் சேமிப்பிலிருந்த 858 டெராபைட் மீளாமல் போனது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளிப் பேக்கப்பே இருக்கவில்லை. ரான்சம்வேர் வந்தபின் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: ஒரு பிரதியாவது, அட்மின் கணக்கே திருடுபோனாலும் குறிப்பிட்ட நாள்வரை அழிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் இருந்தும், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுக்கமாட்டேன். ரீஸ்டோர் ஒத்திகையை முதன்முறை செய்யும் எந்த டீமுக்கும் ஏதாவது ஒன்று வெளியே வரும். பேக்கப் என்க்ரிப்ட் செய்யப்பட்டிருக்கும். சாவி, அழிந்துபோனதாக நாம் பாவிக்கும் அதே சர்வரில் இருக்கும். புதிய மெஷினில் வட்டு போதாது, ஏனென்றால் சுருக்கிய டம்ப்பின் அளவைப் பார்த்து மெஷின் கேட்டிருப்பார்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். யூசர்களும் ரோல்களும் அதில் வராது. டேபிள்கள் எல்லாம் வந்துவிட்டன, அப்ளிகேஷனால் மட்டும் லாகின் செய்ய முடியவில்லை என்று அரை மணி நேரம் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டேட்டா ஏறியபின் இண்டெக்ஸ்களைக் கட்ட, டேட்டா ஏற்றியதைவிட அதிக நேரம் ஆவதும் உண்டு. ரீஸ்டோர் முடிந்தது என்று கருவி சொன்னதோடு நிறுத்தாமல், கடைசி ஆர்டரின் தேதி என்ன, முக்கியமான டேபிள்களில் எத்தனை வரிசைகள், ஒரு சாதாரண யூசராக உள்ளே போய் ஒரு பில் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதப்பட வேண்டும். நிர்வாகத்திடம் நாம் சொல்லியிருக்கும் இரண்டு மணி நேரம் உண்மையா என்பதை அந்தக் கடிகாரம்தான் சொல்லும். இந்த ஒத்திகையை பேக்கப்பை அமைத்தவரே செய்யாமல், ஆவணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் செய்வது நல்லது. அமைத்தவர் நினைவிலிருந்து இட்டுநிரப்பும் படிகள் அப்போதுதான் தெரியவரும்.

தானாக நடக்கும் ஃபெயில்ஓவர் இந்தக் கவலையைப் போக்கிவிடும் என்று நம்புவோருக்கு, 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் 43 விநாடிகள் இணைப்பு துண்டித்தது. அந்த இடைவெளியில் தானியங்கி மென்பொருள், பிரதான டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்ட சில நொடி டேட்டா மேற்கில் இல்லை. மேற்கில் அதன்பின் எழுதப்பட்டது கிழக்கில் இல்லை. 43 விநாடித் துண்டிப்பின் விளைவு 24 மணி 11 நிமிடங்கள் நீடித்தது. சீக்கிரம் எழுப்பிக் காட்டுவதைவிட யூசர்களின் டேட்டா பிசகாமல் இருப்பதே முக்கியம் என்று கிட்ஹப் அன்று முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். கருவி செய்ததும் அதன் அமைப்பில் சொன்னபடிதான். கண்டம் விட்டுக் கண்டம் போல அத்தனை தூரத்துக்குப் பொறுப்பை மாற்றினால் அப்ளிகேஷன் தாங்குமா என்று மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை.

டேட்டாபேஸில் நடக்கும் அன்றாட மாற்றங்களுக்கு வருவோம். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது, ஒரு சாதாரண ஆல்ட்டர் டேபிள் எப்படி ஒரு தளத்தையே நிறுத்துகிறது என்பதை. காலை 11 மணி. ஆர்டர்ஸ் டேபிளில் கணக்குப் பிரிவின் ரிப்போர்ட் ஒன்று 20 நிமிடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே டேபிளில் ஒரு காலம் (column) சேர்க்கும் கட்டளையை டெவலப்பர் அனுப்புகிறார். அதன் வேலை சில மில்லிவிநாடிதான். ஆனால் போஸ்ட்கிரெஸில் அதற்கு அந்த டேபிளின் மீது முழுப் பூட்டு வேண்டும். ரிப்போர்ட் படித்துக்கொண்டிருப்பதால் பூட்டு கிடைக்காது. ஆல்ட்டர் வரிசையில் நிற்கிறது. அதற்குப்பின் வரும் ஒவ்வொரு செலக்ட்டும் ஆல்ட்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கனெக்‌ஷன்கள் எல்லாம் தீர்ந்து, தளம் நின்றுவிடும். மானிட்டரில் பார்த்தால் டேட்டாபேஸின் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். அதைப் பார்த்துவிட்டு டேட்டாபேஸ் மீது தப்பில்லை என்று நெட்வொர்க் பக்கம் தேடப் போகிறவர்கள் உண்டு.

தடுப்பது எளிது. மைக்ரேஷனின் முதல் வரியில் லாக்_டைம்அவுட்டை இரண்டு மூன்று விநாடிக்கு வைத்துவிட்டால், பூட்டு கிடைக்காத ஆல்ட்டர் தானாக விலகிக்கொள்ளும். சற்றுப் பொறுத்து மறுபடி முயலலாம். பெரிய டேபிளில் இண்டெக்ஸ் கட்டும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதை டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் நின்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சமிருக்கும், அதைத் தேடி நீக்க வேண்டும். இயல்பு மதிப்போடு காலம் சேர்ப்பது, போஸ்ட்கிரெஸில் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்புக்கு முன்பு முழு டேபிளையும் திருப்பி எழுதியது. இப்போது மாறாத மதிப்பாக இருந்தால் நொடியில் முடிகிறது. ஆகவே சீனியர் ஒருவர் பழைய அனுபவத்தில் சொல்லும் விதியையும், வலையில் கிடைக்கும் புதிய விதியையும், நம்மிடம் ஓடும் பதிப்போடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் பக்கம் கிட்ஹப் உருவாக்கிய கோஸ்ட், பெர்கோனாவின் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் போன்ற கருவிகள் நிழல் டேபிள் ஒன்றை உருவாக்கி, மெல்ல நிரப்பி, கடைசியில் இடம் மாற்றுகின்றன.

காலத்தின் பெயரை மாற்றுவது, ஒன்றை இரண்டாகப் பிரிப்பது போன்றவற்றை ஒரே நாளில் செய்யக் கூடாது. புதிய காலத்தைச் சேர்த்து, அப்ளிகேஷனை இரண்டிலும் எழுத வைத்து, பழைய வரிசைகளைச் சில ஆயிரமாகச் சிறுசிறு தொகுதிகளில் நிரப்பி, பிறகு புதியதிலிருந்து படிக்கவைத்து, எல்லாம் சரி என்று சில நாள் பார்த்தபின் பழையதை நீக்கலாம். ஒரு வேலைக்கு நான்கைந்து டிப்ளாய் ஆகும். மேனேஜர்களுக்கு இது நேர விரயமாகத் தோன்றும். ஆனால் இதில் கடைசிப் படிக்கு முந்தைய எந்தப் படியிலும், டேட்டா இழக்காமல் முந்தைய நிலைக்கு வரலாம். ஒரே மைக்ரேஷனில் பெயரை மாற்றியவர்களுக்கு அந்த வழி கிடையாது. கோடை ரோல்பேக் செய்தால் பழைய கோட் பழைய பெயரைத் தேடி விழும்.

மெதுவாக நெருங்கும் ஆபத்துகளும் உண்டு. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப், ஒரு டேபிளின் வரிசை எண் 2,147,483,647-ஐத் தொட்டதால், மணிக்கணக்கில் எழுத முடியாத நிலையில் நின்றது. சாதாரண இன்டீஜர் காலம் தாங்கும் உச்ச எண் அது. 2015-இல் சென்ட்ரி நிறுவனம், போஸ்ட்கிரெஸின் டிரான்ஸாக்‌ஷன் எண்கள் தீர்ந்துபோகும் நிலையில் மாட்டிக்கொண்டது. பழைய எண்களை மீட்டுத்தரும் வேக்கூம் வேலை ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இரண்டையும் மாதக்கணக்கில் முன்பே கண்டுகொள்ளலாம். வரிசை எண் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, மிகப் பழைய டிரான்ஸாக்‌ஷனின் வயது என்ன என்ற இரண்டு கேள்விகளை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வைத்தால் போதும். வேகம் பற்றிய புகார்களுக்கும் இதே அணுகுமுறைதான். ஊகத்தில் இண்டெக்ஸ் போடுவதைவிட, பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் பட்டியலில் மொத்த நேரத்தை அதிகம் தின்னும் முதல் சில கேள்விகளை எடுத்து எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் பார்ப்பது பயன் தரும். அநேகமாக அங்கே, ஒரு பக்கத்தைக் காட்ட ஒரே சின்னக் கேள்வியை நூற்றுக்கணக்கான முறை கேட்கும் கோட் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

டெவலப்மென்ட் பக்கத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய ஆவணம், அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2013 அக்டோபரில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தைப் பற்றி வெளியிட்ட உத்தரவு. 2012 ஜூலை 27 முதல் அந்த நிறுவனம் புதிய கோடைப் படிப்படியாக இறக்கியது. எட்டு சர்வர்களில் ஏழில் அது ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. யார் சரிபார்ப்பது என்று எழுதப்பட்ட நடைமுறை எதுவும் இல்லை. புதிய வசதியை இயக்க ஒரு பழைய கொடியை மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் கொடி முன்பு பவர் பெக் என்ற, 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நீக்கிய வசதியை இயக்கியது. அதன் கோட் மட்டும் நீக்கப்படாமல் கிடந்தது. ஆகஸ்ட் 1 அன்று எட்டாவது சர்வரில் கொடி ஏறியதும் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களை நிறுத்தாமல் அனுப்பத் தொடங்கியது. 212 ஆர்டர்களுக்காக 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே பவர் பெக் என்ற சொல்லைத் தாங்கி 97 மின்னஞ்சல்கள் உள்ளே வந்திருந்தன. அவை எச்சரிக்கை என்ற வகையில் சேராததால் யாரும் பார்க்கவில்லை. இன்னும் கொடுமை, குழப்பத்தின் நடுவே ரோல்பேக் செய்கிறோம் என்று, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். பழைய கோட் எட்டிலும் ஓடத் தொடங்கியது.

திரும்பும் வழியும் ஒத்திகை பார்த்ததாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை. இதிலிருந்து நடைமுறைக்கு வருபவை: டிப்ளாய் கையால் நடக்கக் கூடாது, நடந்தபின் எல்லா சர்வரிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்று இயந்திரமே ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஃபீச்சர் ஃப்ளாக் ஒன்றை உருவாக்கும் அன்றே அதை நீக்கும் டிக்கெட்டையும் திறக்க வேண்டும். பழைய கொடியின் பெயரை ஒருபோதும் மறுபடி எடுக்கக் கூடாது. இறந்த கோடை நீக்குவதை நேரம் கிடைக்கும்போது செய்யும் வேலையாகத் தள்ளிவைக்கக் கூடாது.

கோடை மட்டும் படிப்படியாக இறக்கிவிட்டு, கான்ஃபிகரேஷனை ஒரே அடியாக எல்லா இடத்துக்கும் அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியது அப்படிப்பட்ட ஒரு கோப்புதான். புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 20-தான் கொடுத்தது. 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரைக்குப் போய்விட்டன. எழுந்திரிக்கவே முடியாத கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஒவ்வொன்றாகக் கையால் தொட வேண்டியிருந்தது. முதலில் நூற்றில் ஒரு கணினிக்கு அனுப்பி ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும் என்பது இன்று எல்லோருக்கும் தெரிகிறது. கோட், கான்ஃபிகரேஷன், டேட்டா கோப்பு, சான்றிதழ், ஃபயர்வால் விதி என புரொடக்‌ஷனின் நடத்தையை மாற்றக்கூடிய எதுவும் ஒரே பாதையில், சிறு பகுதியிலிருந்து பெரும் பகுதிக்குப் போக வேண்டும்.

அடிக்கடி டிப்ளாய் செய்தால் அடிக்கடி விழும் என்ற அச்சம் இன்றும் மேல்மட்டத்தில் இருக்கிறது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆக்செலரேட் நூல் பல ஆண்டு கருத்தாய்வுகளை வைத்து இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: அடிக்கடி, சிறிது சிறிதாக மாற்றும் டீம்களே நிலைத்தன்மையிலும் முன்னிற்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மூன்று மாதக் கோடை ஒரே இரவில் இறக்கினால், உடைந்தது எது என்று தேடவே விடிந்துவிடும். நாற்பது வரி மாற்றம் உடைந்தால் நாற்பது வரியைப் பார்த்தால் போதும்.

எச்சரிக்கைகள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யாரையாவது எழுப்பி ஏதாவது செய்யச் சொல்லாத அலர்ட் நீக்கப்பட வேண்டும். சிபியு 80 சதவீதம் என்பதைவிட பில் போட முடியவில்லை என்பதே எழுப்பத் தகுந்த செய்தி. பேக்கப் போன்ற இரவு வேலைகளுக்குத் தோல்விச் செய்தியை நம்பியிருக்கக் கூடாது. வெற்றிச் செய்தி குறித்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் வேறோர் இடத்திலிருந்து மணி அடிக்க வேண்டும். கிட்லேபில் திரும்பிப்போன மின்னஞ்சல்களை இப்படித்தான் பிடித்திருக்க முடியும்.

மீட்கப் பயன்படும் கருவிகள் எங்கே வசிக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்தது. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்தது. சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் இல்லை. பழுதைக் கண்டறியும் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காகக் கடுமையாக்கிய கதவுகளும் ரௌட்டர்களும் அங்கே அவர்களையே தாமதப்படுத்தின. நம் அளவில் இதன் பொருள்: சர்வர் விழுந்தால் என்ன செய்வது என்ற ரன்புக், அதே சர்வரில் ஓடும் விக்கியில் மட்டும் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டு பெட்டகமும் அப்படியே.

இந்தியாவில் இது ஒழுங்காற்று அமைப்புகளின் கவலையாகவும் ஆகிவிட்டது. எச்டிஎஃப்சி வங்கியின் பிரதான டேட்டா சென்டரில் 2020 நவம்பரில் ஏற்பட்ட மின்தடை, முந்தைய இரண்டு ஆண்டுகளின் தடங்கல்கள் ஆகியவற்றை முன்னிட்டு, ரிசர்வ் வங்கி அந்த டிசம்பரில் புதிய டிஜிட்டல் சேவைகளையும் புதிய கிரெடிட் கார்டுகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. தடை முழுவதும் நீங்கியது 2022 மார்ச்சில். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், எல்லா சர்வர்களின் கடிகாரங்களையும் நம்பகமான நேர மூலத்தோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. கடைசி விதி சின்னதாகத் தெரியும். ஆனால் ஐந்து சர்வர்களின் லாக்கை அருகருகே வைத்து நடந்ததை வரிசைப்படுத்த முயன்ற எவருக்கும் அதன் அருமை தெரியும்.

இனி, இதையெல்லாம் செய்கிற மனிதர்கள். சென்னை, கோவை அலுவலகங்களில் வெளிநாட்டு நேரத்துக்குச் சப்போர்ட் பார்க்கும் டீம்களில், பகல் முழுக்க டெவலப்மென்ட்டும் இரவில் ஆன்-காலுமாக ஒரே ஆள் இழுபடுவது சாதாரணமாகிவிட்டது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கூகுளின் அதே நூல், 12 மணி நேர ஷிஃப்ட்டில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் ஒருவரால் ஒழுங்காகக் கையாள முடியாது என்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி, எழுதி, திருத்த நேரம் வேண்டும் அல்லவா? தூக்கம் கெட்டவரின் கையில் புரொடக்‌ஷன் சாவியைக் கொடுத்துவிட்டு, தவறு நடந்தபின் அவர் பெயரைக் கேட்பது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. எட்சி நிறுவனத்தில் ஜான் ஆல்ஸ்பா 2012-இல் எழுதிய, பழி சுமத்தாத பின்னாய்வு என்ற முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, அது ஏன் அவருக்குச் சரி என்று பட்டது என்று கேட்கும் முறை அது. அப்படிக் கேட்டால்தான் இரண்டு சர்வர்களின் டெர்மினலும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரிப் பெயரோடு இருந்தன என்ற செய்தி வெளியே வரும், நிறத்தை மாற்றலாம். பெயரைக் கேட்டால் அடுத்தமுறை லாக்கே அழிக்கப்பட்டிருக்கும்.

தண்டனை இல்லையென்றால் பொறுப்பு எங்கே என்று சில நிர்வாகிகள் கேட்கிறார்கள். பின்னாய்வில் முடிவான திருத்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும்; அவை அடுத்த ஸ்பிரின்ட்டில் புதிய ஃபீச்சர்களுக்குச் சமமாக இடம் பெற வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்கும் பொறுப்பு நிர்வாகியுடையது. பல நிறுவனங்களில் அறிக்கை அழகாக எழுதப்பட்டு, திருத்தங்கள் பேக்லாகின் அடியில் போய், ஆறு மாதத்தில் அதே தடங்கல் மறுபடி வருகிறது.

மூன்று நான்கு பேர் மட்டும் உள்ள டீம்களுக்கு இவ்வளவும் மலைப்பாகத் தெரியலாம். அவர்கள் டேட்டாபேஸைச் சொந்த சர்வரில் வைத்துப் பராமரிப்பதைவிட, கிளவுட் நிறுவனங்கள் பராமரித்துத் தரும் சேவையை எடுத்துக்கொள்வது நல்லது. மாத வாடகை கூடுதல்தான், ஆனால் நேரப்புள்ளிக்கு மீட்கும் வசதியும் பதிப்புத் திருத்தமும் அதில் வந்துவிடும். அப்படி எடுத்தாலும் ஒரு பிரதியை வேறு கணக்கில், வேறு நிறுவனத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் கணக்கே முடங்கினால் ஸ்னாப்ஷாட்டுகளும் கைக்கு எட்டாமல் போகும். அடுத்து, இந்த வாரமே ஒரு பிற்பகலை ஒதுக்கி, நேற்றைய பேக்கப்பைப் புதிய மெஷின் ஒன்றில் ஏற்றிப் பார்க்கலாம். கடைசி ஆர்டர் எது என்று பார்த்து, ஆன நேரத்தையும் இடறிய படிகளையும் ரன்புக்கில் எழுதி, அதை அச்செடுத்து ஆன்-கால் பார்ப்பவரின் பையில் ஒரு பிரதி வைக்கலாம். மெஷினை அழிக்கும்போது மட்டும், எந்த மெஷினில் இருக்கிறோம் என்று அருகில் இருப்பவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.